டீச்சரிடம் மட்டும் சொல்லலாம்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று. திண்டிவனத்தில் கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தது வண்டி. கிளியனூர் திருப்பத்தில் ஸ்கூட்டி பின்டயர் பஞ்சர். பஞ்சர் கடைக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அரை மணி போச்சு. பள்ளிக்குள் நுழைந்ததும் தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. (இனி இந்த நோட்டில் அவர் த.ஆ. முழுசாக எழுத எனக்குக் கை வலிக்கிறது.)

இருப்பதே இரண்டு ஆசிரியர். ஒன்றும் இரண்டும் அவருக்கு. மூன்று, நான்கு, ஐந்து என மூன்று வகுப்பும் ஒரே அறையில் எனக்கு. முப்பத்தொரு பிள்ளைகள். அதில் பாடம் நடத்த நேரம் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இன்று வாட்ஸப்பில் வந்து விழுந்த உத்தரவுகள்:

– குடற்புழு மாத்திரை. யார் விழுங்கினார், யார் துப்பினார், பட்டியல்.
– சுதந்திர தினத்துக்குள் கொடிக்கம்பத்துக்கு வர்ணம். பிரஷ் யார் வாங்குவது? பதில் இல்லை.
– இணைய மோசடி பற்றிப் பிள்ளைகளுக்கு விழிப்புணர்வு வகுப்பு. புதனுக்குள். போட்டோ கட்டாயம். போட்டோவில் கரும்பலகை தெரிய வேண்டும்.
– பெற்றோர் போன் எண் சரிபார்ப்பு. 14ஆம் தேதிக்குள் எல்லாருக்கும் முடிந்திருக்க வேண்டும்.

கடைசியாக உள்ளது ஜூனிலிருந்து உயிரை எடுக்கிறது. ஆப்பில் பெற்றோர் எண்ணை அடித்தால் அவர்கள் போனுக்கு ஓ.டி.பி. போகும். நான் உடனே கூப்பிட்டு, அந்த எண்ணைக் கேட்டு, நேரம் முடிவதற்குள் அடிக்க வேண்டும். பகலில் எல்லாரும் கழனியில். மாலையில் போனை எடுப்பது பிள்ளைகள்தான். அம்மாக்கள் பலருக்கு மெசேஜ் படிக்க வராது. பிள்ளை படித்துச் சொல்லும், நான் அடிப்பேன். இப்படித்தான் இருபது முடித்தேன். பாக்கி பதினொன்று.

இதில் நாலாம் வகுப்பு தர்ஷினிதான் கெட்டிக்காரி. ஜூனில் அவள் வீட்டுக்குப் போட்டபோது ஆறு எண்ணையும் தடுமாறாமல் சொல்லிவிட்டு, "சரியா டீச்சர்?" என்று கேட்டுத்தான் போனை வைத்தாள். மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னும் கைதட்டச் சொன்னேன்.

கேஸ் புக் செய்ய மறந்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில். காற்றே இல்லை. மின்விசிறி இரண்டில் ஒன்று ஓடுகிறது.

காலை கணக்கு நடத்தவே முடியவில்லை. பதினொன்றரைக்குத் த.ஆ. வந்து, "மேடம், அந்த மோசடி வகுப்பை இன்னிக்கே முடிச்சிடலாம். நாளைக்கு எனக்கு மீட்டிங்" என்றார். கையில் போன், போட்டோவுக்குத் தயாராக.

சரி என்று ஆரம்பித்தேன். பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைத்தது என் முட்டாள்தனம். நமக்கு மேலே தெரிந்து வைத்திருக்கின்றன. "எங்க மாமாவுக்குப் போன்ல பரிசா காரு வுழுந்துச்சு டீச்சர்" என்றான் ஒருவன். எங்கே கார் என்றேன். "வரவே இல்ல. அத்தைதான் இன்னும் கத்திக்கினு கீது." எல்லாரும் சிரிப்பு. கீர்த்தனா (ஐந்தாம் வகுப்பு, எதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பாள்) "லிங்க்கைத் தொட்டா போன் செத்துடுமா டீச்சர்?" என்றாள்.

பிறகு நான் கேட்டேன். "ஓ.டி.பி.ன்னா என்ன?"

"போன்ல வர்ற நம்பரு டீச்சர்."

"அதை யார்கிட்ட சொல்லலாம்?"

முப்பத்தொன்றும் ஒரே குரலில், வாய்ப்பாடு சொல்வது மாதிரி: "டீச்சர்கிட்ட."

முதலில் எனக்கும் சிரிப்புதான் வந்தது. அப்போதே நின்றிருக்க வேண்டும். மணி பன்னிரண்டு இருபது. சத்துணவுத் தட்டு சத்தம் கேட்கிறது. த.ஆ. வாசலில் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார். எனக்குப் பாக்கி பதினொன்று. யாருக்கும் சொல்லாதே என்று சொல்லிவிட்டால் அந்தப் பதினொன்றை யாரிடம் போய் வாங்குவது?

பலகையில் எழுதினேன்:

1. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் பெரியவர்களிடம் கொடு.
2. யார் அனுப்பிய லிங்க்கையும் தொடாதே.
3. ஓ.டி.பி.யை டீச்சரிடம் மட்டும் சொல்லலாம். வேறு யாரிடமும் சொல்லக் கூடாது.

மூன்று முறை உரக்கச் சொல்ல வைத்தேன். நோட்டில் எழுதினார்கள். எல்லா நோட்டிலும் சிவப்பு மையில் கையெழுத்து போட்டேன். த.ஆ. நாலு போட்டோ எடுத்து ஏற்றினார். "சூப்பர் மேடம்."

மாலை மூன்று ஓ.டி.பி. கிடைத்தது. பாக்கி எட்டு.

ஆகஸ்ட் 6, புதன்

த.ஆ. மீட்டிங். ஐந்து வகுப்பும் என் தலையில். ஒன்றாம் வகுப்பில் ஒன்று மூக்கில் சுண்ணக்கட்டி திணித்துக்கொண்டது. எடுத்தாகிவிட்டது.

இரவு எட்டு இருக்கும், தோசை வார்க்கும்போது தர்ஷினியின் அம்மா அஞ்சலை போன்.

"டீச்சர், சாயங்காலம் நீங்க போன் பண்ணி நம்பரு எதுனா கேட்டீங்களா?"

"இல்லையே அஞ்சலை. உங்க வீட்டுது ஜூன்லயே முடிஞ்சுதே. ஏன்?"

"ஒண்ணுமில்லங்க டீச்சர். வச்சிடறேன்."

வைத்துவிட்டாள். பின்னால் யாரோ ஆண் குரல் கத்திக்கொண்டிருந்தது. தோசை கருகிவிட்டது. கேஸ் புக் செய்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆத்திரம்.

தர்ஷினி வரவில்லை. காய்ச்சலா என்றேன். அவள் தெருப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கீர்த்தனாதான் சொன்னாள். "அவங்கப்பா அடிச்சிட்டாரு டீச்சர். பொய் சொல்லிச்சுன்னு."

"என்ன பொய்?"

"டீச்சர்தான் போன்ல கேட்டாங்க, அதான் சொன்னேன்னு சொல்லிச்சாம். அவங்கம்மா உங்களுக்குப் போன் போட்டாங்களாம். நீங்க கேக்கலன்னுட்டீங்களாம்."

பிறகு துண்டு துண்டாகக் கேட்டு வாங்கியது:

புதன் மாலை அஞ்சலை மல்லாட்டைக் கொல்லையில் (வேர்க்கடலைதான்) களை எடுக்கப் போனவள் இன்னும் திரும்பவில்லை. போன் வீட்டில். ஒரு பொம்பளை பேசியிருக்கிறாள். "ஸ்கூல்லேர்ந்து டீச்சர் பேசறேன்மா, உனக்கு உதவித்தொகை வந்திருக்கு, அம்மா பேங்க் கார்டு எங்க?" இவள் கார்டைத் தேடி எடுத்து, நான் சொல்லிக்கொடுத்த மாதிரி நாலு நாலு எண்ணாகப் பிரித்து வாசித்திருக்கிறாள். பின்பக்க மூன்று எண்ணும். கடைசியில் ஓ.டி.பி. பக்கத்து வீட்டுக்காரி பார்த்திருக்கிறாள். தர்ஷினி எழுந்து நின்று பேசினாளாம். முதலில் "குட் ஈவினிங் டீச்சர்" என்றாளாம்.

கணக்கில் இருந்ததெல்லாம் துடைத்துப் போய்விட்டது. அஞ்சலையின் நூறு நாள் வேலைக் கூலி, களைக் கூலி. மழைக்கு முன் கூரைக்கு ஷீட் போட வைத்திருந்தது.

என் விதியை என் வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை எழுத்துக்கு எழுத்து கேட்டு நடந்தது. அதற்குக் கிடைத்தது அடி. அடி விழுந்ததற்கு என் "இல்லையே" சாட்சி.

த.ஆ.விடம் சொன்னேன். "அய்யோ பாவம்" என்றார். அடுத்த மூச்சில், "நம்ம பேரு எங்கயும் வராம பாத்துக்கங்க மேடம்."

அஞ்சலைக்கு நாலு முறை போட்டேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மேகமூட்டம். மழை இல்லை.

பத்து மணிக்கு அஞ்சலை பள்ளிக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. என்னைத் திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்து எழுந்து நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மன்னிச்சிக்கங்க டீச்சர்" என்றாள். "உங்க பேரை இழுத்துட்டுச்சு அது. எவளோ கேட்டதுக்குச் சொல்லிட்டு, டீச்சர்தான் டீச்சர்தான்னு சாதிச்சிக்கினே இருக்குது. பணம் போனது கூட போவட்டுங்க. பொய் சொல்றதுதான் அவங்கப்பாவுக்குத் தாங்கல."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். என்னிடம்.

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிடமே ஒரு பிள்ளையின் நோட்டை எடுத்துக் காட்டியிருக்க வேண்டும். மூன்றாம் விதி, கீழே என் கையெழுத்து. த.ஆ. பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். நான் சொன்னது: "அடிக்காதீங்க அஞ்சலை. சின்னப் பொண்ணு." அவ்வளவுதான் வந்தது என் வாயிலிருந்து. பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகளிடம் உண்மை பேசு, உண்மை பேசு என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவள் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

சைபர் குற்ற உதவி எண்ணுக்கு என் போனிலிருந்தே கூப்பிட்டேன். இந்தி, இங்கிலீஷ், பாட்டு, மறுபடி பாட்டு. ஒருவழியாகப் பதிவு செய்தார்கள். விழுப்புரம் போய் எழுத்தில் புகார் கொடுக்கச் சொன்னார்கள். நாளைக்கு நான் கூட்டிப் போகிறேன் என்றேன்.

"உங்களுக்கு ஏங்க டீச்சர் இந்த பேஜாரு" என்றாள் அஞ்சலை.

ஆகஸ்ட் 9, சனி

விழுப்புரம். காலை ஏழரை பஸ். அஞ்சலை நல்ல புடவை கட்டி வந்திருந்தாள், கல்யாணத்துக்குப் போவது மாதிரி. பாஸ்புக், ஆதார், செத்துப்போன அந்தக் கார்டு எல்லாம் ஒரு துணிக்கடைப் பையில். தர்ஷினியைக் கூட்டி வரவில்லை. "அது வெளியவே வர்ல. அவங்கப்பா முகத்துல முழிக்க வேணாம்னுட்டாரு."

போலீஸ் அலுவலகத்தில் ஒன்றரை மணி நேரம் பெஞ்சு. எங்களுக்கு முன்னால் ஒரு லாரி டிரைவர், ஒரு ரிட்டயர்டு ஆள். எழுதியது ஒரு இளம் பெண் போலீஸ். நல்லவள். தண்ணீர் கொடுத்தாள். எழுதிக்கொண்டே வாசித்தாள்: "...மேற்படி சிறுமி அறியாமையாலும் விளையாட்டுத்தனமாகவும் ஓ.டி.பி. எண்ணைத் தெரிவித்துவிட்டார்."

அறியாமை. விளையாட்டுத்தனம். நின்று, வணக்கம் சொல்லி, சரிபார்த்துச் சொன்ன பிள்ளை.

"சரிதானே மேடம்?" என்று என்னைத்தான் கேட்டாள்.

தலையாட்டினேன். சாட்சி இடத்தில் கையெழுத்தும் போட்டேன். "டீச்சரே கூட வர்றாங்க, எவ்ளோ நல்ல மனசு" என்றாள் அவள். எனக்கு அந்த பெஞ்சோடு பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நெரிசல். அஞ்சலை அவித்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கி, பாதியை என் மடியில் கொட்டினாள். "சாப்பிடுங்க டீச்சர். காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க." உரித்து உரித்து வைத்தாள். இப்போது சொல், இப்போது சொல் என்று திண்டிவனம் வரை. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை.

வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். "நீ என்ன வேணும்னா செஞ்ச? விடு ஸ்டெல்லா" என்றார். மட்டன் குழம்பில் உப்புக் குறைவு என்றும் சொன்னார். இரண்டுக்கும் சேர்த்துக் கத்திவிட்டேன். பாவம், உப்பு உண்மையிலேயே குறைவுதான்.

யோசித்துப் பார்த்தது. துறை கேட்டால் அது சரிபார்ப்பு, திருடன் கேட்டால் அது மோசடி. பிள்ளைக்கு எப்படித் தெரியும்? போனில் இரண்டும் ஒரே மாதிரிதானே கேட்கும். அந்தத் திருட்டுப் பொம்பளை கஷ்டப்பட்டு ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு மாதமாக நான் உழுது வைத்த நிலத்தில் வந்து அறுத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நுழைந்ததும் த.ஆ. "மேடம், நாளைக்கு பி.இ.ஓ. வர்றாரு." வட்டாரக் கல்வி அலுவலர். சுதந்திர தினத்துக்கு முன் பள்ளிகளைச் சுற்றிப் பார்க்கிறாராம். "பிள்ளைங்க நோட்டுல அந்த மூணாவது பாயின்ட் இருக்குதே. அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடச் சொல்லுங்க. ஆப்புல ஏத்துன போட்டோவையும் மாத்திடறேன்."

கிழிக்கச் சொன்னால் முப்பது பிள்ளைகளும் அழகாக ஸ்கேல் வைத்துக் கிழிக்கும். நான் சொன்னால் எதையும் செய்யும். அதுதானே இங்கே வந்த வினையே.

கிழிக்கச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். மூன்றாவது விதி தப்பு, குறுக்கே கோடு போடுங்கள் என்றேன்.

கீர்த்தனா எழுந்தாள். "தப்புன்னா ஏன் டீச்சர் கையெழுத்துப் போட்டீங்க?"

சுண்ணக்கட்டியை மேசையில் வைத்தேன்.

"நான் தப்பா சொல்லிக்கொடுத்துட்டேன். என் வேலை சீக்கிரம் முடியணும்னு அப்படிச் சொல்லிட்டேன்" என்றேன்.

"அப்ப தர்ஷினி பொய் சொல்லலியே?"

"சொல்லல. அவ செஞ்சது நான் சொன்னது."

"அவங்க வூட்ல சொன்னீங்களா?"

கணக்கு நோட்டை எடுக்கச் சொன்னேன். கீர்த்தனா உட்காராமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

புது விதி: போனில் யார் கேட்டாலும் சொல்லாதே. டீச்சர் கேட்டாலும், போலீஸ் கேட்டாலும், சாமியே கேட்டாலும். மதியம் முழுக்க நடித்துப் பார்த்தோம். நான் போன் செய்வேன், அவர்கள் மறுக்க வேண்டும். கெஞ்சினேன், மிரட்டினேன், ஃபெயில் ஆக்கிவிடுவேன் என்றேன். மூன்றாம் வகுப்பில் இரண்டு பேர் பயந்து சொல்லிவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து. சாயங்காலத்துக்குள் ஒருவரும் சொல்லவில்லை. எனக்குக் குரல் போய்விட்டது.

அஞ்சலை போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பாக்கி எட்டு. யாரையும் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பி.இ.ஓ. வந்தார். மோர் கொடுத்தோம். வகுப்பில் நுழைந்து, முதல் வரிசையில் மூன்றாம் வகுப்புக் குட்டி ஒன்றைப் பார்த்து, "உன் பேர் என்னம்மா?" என்றார்.

"சொல்லமாட்டேன் சார்."

"அப்பா பேரு?"

"சொல்லக் கூடாது சார்."

அடுத்தவனைக் கேட்டார். அவனும் வாயைப் பொத்திக்கொண்டான். த.ஆ. முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஒரு வாரத்தில் நான் சிரித்தது அந்த ஒரு நிமிடம்தான். போனில் கேட்டால்தான் சொல்லக் கூடாது, நேரில் பேர் சொல்லலாம் என்று விளக்கிய பிறகும் அந்தக் குட்டி என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தது.

பிறகு அலுவலக அறையில் நடந்தது:

"ஸ்டெல்லா மேடம், எட்டு பேர் பாக்கி இருக்குதே."

"பெற்றோரை நேர்ல வரச் சொல்லியிருக்கேன் சார். அவங்க போனை அவங்களே பாத்து அடிக்கட்டும். போன்ல ஓ.டி.பி. கேக்கமாட்டேன்."

"களை எடுக்கறதை விட்டுட்டு அவங்க வருவாங்களா? பதினாலாம் தேதி கடைசி."

எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாம் விதி, தர்ஷினி, அடி, விழுப்புரம். "பிள்ளைக்கு ஓ.டி.பி. சொல்லப் பழக்கினதே நாம சார். திருடி வந்து கேட்டப்ப அது பழக்கத்துல சொல்லுச்சு."

அவர் மோரை முழுசாகக் குடித்துவிட்டு, பொறுமையாக, "அது வேற, இது வேறம்மா" என்றார்.

"பிள்ளைக்கு எப்படி சார் வேற?"

"நாம கேக்கறது அரசாங்க வேலை."

"அவளும் அரசாங்க உதவித்தொகைன்னுதான் சார் கேட்டா."

குரலை உயர்த்திவிட்டேன் போலிருக்கிறது. சத்துணவு ஆயா எட்டிப் பார்த்தாள். தவறான விதியைக் கற்பித்ததற்கும், பணியை முடிக்காததற்கும் சேர்த்து நான் விளக்கக் கடிதம் தர வேண்டுமாம். மூன்று நாளில். தவறாகக் கற்பித்ததற்குத் தருகிறேன். அதற்கு எனக்கு வெட்கம் உண்டு, ஆட்சேபணை இல்லை. இன்னொன்றுக்கு ஒரு வரிகூட எழுதமாட்டேன்.

போகும்போது த.ஆ. அவர் கார் கதவைத் திறந்து விட்டார்.

ஆகஸ்ட் 13, புதன்

இன்று எனக்குத் திண்டிவனத்தில் பயிற்சி. எண்ணும் எழுத்தும் திட்டத்துக்காக. காலை முழுக்கக் காகிதத்தில் தொப்பி செய்தோம்.

மதிய இடைவேளையில் விளக்கக் கடிதம் எழுதினேன். அப்படியே விழுப்புரம் போலீசுக்கும் ஒன்று: "...சிறுமி அறியாமையால் தெரிவிக்கவில்லை. வகுப்பாசிரியரான நான் கற்பித்ததை நம்பியே தெரிவித்தாள். சனிக்கிழமை நான் இதைச் சொல்லாமல் கையெழுத்திட்டது தவறு." அனுப்பினால் என்ன ஆகும் என்று பக்கத்து மேசை டீச்சர் கேட்டாள். தெரியாது என்றேன். பதிவுத் தபாலில் இரண்டையும் போட்டுவிட்டு வந்தேன். தபால் ஆபீஸ் பெண் சில்லறை இல்லை என்று முறைத்தாள்.

நாலு மணிக்குச் சத்துணவு ஆயா போன். "டீச்சர், தர்ஷினி அப்பா வந்துட்டுப் போனாரு. டி.சி. கேக்கறாரு."

"எதுக்கு?"

"கண்டாச்சிபுரத்துல அவங்க அக்கா வூட்ல வுடப் போறாங்களாம். அங்க கைக்கொயந்த கீது, பாத்துக்க ஆளு வோணுமாம். இஸ்கூலுல அப்பறமா சேத்துக்கலாம்னு சொன்னாரு. பொய் சொல்ற பொண்ணுக்குப் படிப்பு என்னாத்துக்குன்றாரு."

த.ஆ.வைக் கூப்பிட்டேன். டி.சி. எழுதி வைத்துவிட்டாராம். சுதந்திர தினம் முடிந்து சனிக்கிழமை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாராம். இதே மனுஷன் போன வருஷம் ஒரு பிள்ளை தனியார் பள்ளிக்குப் போகிறது என்றதும் அந்த வீட்டு வாசலில் மூன்று நாள் நின்றவர். எண்ணிக்கை குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்று அன்றைக்கு அழாத குறை. இன்றைக்கு, "போனா போவட்டும் மேடம். பிரச்சனையும் அதோட போயிடும்" என்கிறார்.

நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. பதினெட்டு வருஷத்தில் ஒரு தலைமையாசிரியரை அப்படிப் பேசியதில்லை. வருத்தம் இல்லை.

அந்தப் பெண் போனால் திரும்ப வராது. அப்புறமா சேர்க்கிறோம் என்று போன எந்தப் பிள்ளை திரும்பி வந்தது? கைக்குழந்தை நடக்கும், அடுத்தது பிறக்கும். நாலு நாலாக எண்ணைப் பிரித்துப் படிக்கும் பிள்ளை, ஒன்பது வயதில் தூளி ஆட்டிக்கொண்டு, பொய்க்காரி என்ற பேரோடு.

அஞ்சலை போன் மணி அடிக்கிறது இன்று. எடுத்ததும் ஆண் குரல், கட்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலை வெயில், மூன்று மணிக்கு மேல் நல்ல மழை. கொடிக்கம்ப வர்ணம் காயவில்லை. காகிதக் கொடிகள் நனைந்து சாயம் ஒழுகிவிட்டது. மிட்டாய் வந்துவிட்டது. எட்டுப் பெற்றோரில் இரண்டு பேர் கழனி வேலையை விட்டு நேரில் வந்து அவர்களே எண்ணை அடித்தார்கள். பாக்கி ஆறு. இருக்கட்டும்.

பிள்ளைகள் போனதும் பள்ளி வராந்தாவில் நின்று மறுபடி போட்டேன். நாலாவது மணியில் எடுக்கப்பட்டது.

"அலோ."

தர்ஷினி. எட்டு நாள் கழித்து அந்தக் குரல்.

"தர்ஷினி, நான் ஸ்டெல்லா டீச்சர் பேசறேன்மா."

மழைச் சத்தம், அங்கேயும் இங்கேயும்.

"அம்மா அப்பா இருக்காங்களா?"

"அம்மா தண்ணி புடிக்குது. அப்பா இன்னும் வர்ல."

"நீ பொய் சொல்லலம்மா. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் நீ செஞ்ச. தப்பு என்னுது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"நீங்க டீச்சர்தானா?"

"ஆமாடா. என் குரல் தெரியலையா?"

"அன்னிக்கும் டீச்சர்னுதான் சொன்னாங்க."

அவள் அழவில்லை, கோபமாகவும் இல்லை. பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்: "போன்ல சொன்னா எனக்குத் தெரியாதுங்க. எங்கப்பாவும் நம்பமாட்டாரு. டீச்சரா இருந்தா நேர்ல வாங்க. எங்கம்மா அப்பா முன்னாடி வந்து சொல்லுங்க."

வைத்துவிட்டாள்.

பள்ளியிலிருந்து அவள் வீடு நடந்தால் பத்து நிமிடம். இந்த எட்டு நாளில் திண்டிவனம் போனேன், விழுப்புரம் போனேன், போலீசுக்கு எழுதினேன், பி.இ.ஓ.வோடு சண்டை போட்டேன், த.ஆ.வைக் கிழித்தேன். அந்தப் பத்து நிமிடம் மட்டும் நடக்கவில்லை. அவர் அடிப்பாரோ என்றா பயம்? இல்லை. அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கும், அதுதான்.

வகுப்பறைக்குத் திரும்பி, மழை விடட்டும், விட்டதும் போகலாம் என்று இதை எழுத உட்கார்ந்தேன்.

மழை விட்டு அரை மணி நேரம் ஆகிறது. அவள் அப்பாவும் இந்நேரம் வந்திருப்பார்.

எழுந்திருடி ஸ்டெல்லா.